சில்வண்டு இல்லாத காடு

மழைக்காட்டுக்குள் மூன்று ராத்திரி நான்கு பகல் தங்கிவிட்டு வந்தவன் நான். அங்கே என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், அரை மணி நேரம் சொல்வேன். என்ன சத்தம் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த நான்கு நாளும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்: அங்கிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து புளுகுகிறார்களா, இல்லை என் காது போய்விட்டதா?

பல்லடத்துக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்குடோன். எட்டு விசைத்தறி. நான் நடக்கப் பழகியதே தறிச் சத்தத்துக்குள்தான். என் மனைவியும் அப்படித்தான். அவள் அப்பன் வீட்டில் பத்துத் தறி என்பதைக் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். எட்டுத் தறியும் ஒன்றாக ஓடும்போது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் ஒன்றும் விழாது. அதனால் குடோனுக்குள் யாரும் கத்த மாட்டோம். எதிரில் வந்து நின்று வாயசைப்போம், மிச்சத்துக்குக் கை இருக்கிறது. இரண்டு ஆள்காட்டி விரலையும் நுனி சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். சுண்டுவிரலை ஆட்டினால், குறுக்கே ஓடி ஊடைபோடுகிற நாடாவுக்குள் இருக்கிற நூல் தீர்ந்துவிட்டது. மீசையை முறுக்கினால் நெய்வதற்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளி வருகிறார், மூஞ்சியைக் கொஞ்சம் ஒழுங்காக வை. நானும் அவளும் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் கையால் போட்டதுதான்.

சுற்றுவட்டாரத்தில் எனக்குக் காதுக்காரர் என்று பேர். எந்தத் தறி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று ஓட்டத்தை வைத்தே சொல்லிவிடுவேன். பக்கத்துக் குடோன்களிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். போய்த் தறியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பேன். பிறகு, "வலப்பக்கத்து போல்ட்டைக் கழட்டிப் பாருங்க" என்பேன். கழற்றினால் அங்கேதான் கோளாறு இருக்கும். காதால் கண்டுபிடிக்கிறவன் எதற்குக் கையை வைக்கிறான் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் கம்ப்யூட்டரில் எழுதிப் பேசுகிற வேலை என்று ஊருக்குள் சொல்லி வைத்திருந்தேன். முதல் சம்பளத்தில் அவள் எங்களுக்குத் துணிமணி எடுக்கவில்லை. வாசலுக்குக் காலிங் பெல் மாட்டினாள். அதை அமுக்கினால் ஹாலில் ஒன்றும் சமையல்கட்டில் ஒன்றுமாகச் சிவப்பு பல்பு எரியும். பெல்லுக்கு எதுக்கு பல்பு, இங்கே என்ன தேரா ஓடுது என்று திட்டினேன். "இப்ப இதுதானுங்கப்பா மாடல்" என்றாள். படித்த பிள்ளை, சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கூலிப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், எங்கள் பக்கத்துத் தறிகள் எல்லாம் நின்றிருந்த சமயம் அது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருசம் ஆகியிருக்கும். தறி நின்றால் எங்களுக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி ஆகிவிடும். நான் டி.வி.யை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் வந்து டி.வி.க்கு முன்னால் நின்றாள்.

"கம்பெனில கூப்பன் குடுத்திருக்காங்கப்பா. ஆனமலை மேல, மழைக்காட்டுக்குள்ள ஒரு விடுதி. மூணு ராத்திரி தங்கலாம். சாப்பாடு, கூடவே வந்து காடு காட்டறதுக்கு ஆளு, எல்லாம் அதுலயே. எனக்கு ஷிப்மென்ட் இருக்குது, நகர முடியாது. நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க."

"காட்டுல என்ன கண்ணு இருக்குது?"

"ஒண்ணும் இருக்காதுங்கப்பா. தறி, பஸ்ஸு, டி.வி. ஒரு சத்தமும் இருக்காது. குருவி, பூச்சி, தண்ணி, அவ்வளவுதான். நல்லாக் காது குடுத்துக் கேட்டுட்டு வந்து எங்கிட்டச் சொல்லுங்க."

பொள்ளாச்சி வரைக்கும் பஸ். அங்கே விடுதி ஜீப் வந்து நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் என் மனைவி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஜீப்பில் எங்களோடு ஒரு சென்னைத் தம்பதி வந்தார்கள். அவர் ரிட்டையர் ஆன பாங்க் அதிகாரி, கழுத்தில் பைனாகுலர், வழியெல்லாம் ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். நாங்கள் நான்கு பேர்தான் அந்த வாரத்து விருந்தாளிகள்.

விடுதி என்றால் மரத்தில் கட்டிய நாலைந்து அறைகள். டி.வி. கிடையாது, செல்போனுக்கு டவர் கிடையாது. எங்களோடு நான்கு நாளும் சுற்றப்போகிற வழிகாட்டி வந்து வணக்கம் சொன்னார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதுக்குள் இருக்கும், காலில் வெறும் ரப்பர் செருப்பு. எங்களுக்கு மட்டும் அட்டை கடிக்காமல் இருக்க முழங்கால்வரை ஒரு துணி உறை கொடுத்தார். விரித்துப் பார்த்தேன், நம்ம தறியில் ஓடுகிற காடாத் துணி! இழையை நகத்தால் நெருடிப் பார்த்து, "நெசவு கொஞ்சம் கலகலன்னு இருக்குதுங்க, இதுல அட்டை பூந்துரும்" என்றேன். என் மனைவி என் கையைத் தட்டிவிட்டாள். வந்த இடத்திலும் துணியைத் தடவுகிறேனாம்.

முதல் நாள் சாயங்காலமே ஆரம்பித்தது. வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். சென்னை அம்மாள் திடீரென்று இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். தலைவலி போலிருக்கிறது, மலையேறி வந்த களைப்பு என்று நினைத்தேன். அவர் கணவர் சிரித்தார்.

வழிகாட்டி என்னைப் பார்த்து, "சில்வண்டுங்க ஐயா. இந்த நேரத்துக்குத் தொடங்கும். புதுசா வர்றவங்களுக்குக் காது கிழிஞ்சு போற மாதிரி இருக்கும். ரெண்டு நாள்ல பழகிரும்" என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். மரம் இருந்தது, மூடுபனி இருந்தது. சத்தம் என்று ஒன்றும் இல்லை. ஏதோ தூரத்தில் இருக்கும், இவர்கள் பெரிதுபடுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, "ஆமாங்க, நொம்பத்தான் கத்துது" என்றேன். என் மனைவியும் முகத்தைச் சுளித்து, "யப்பா, என்ன கத்து கத்துது!" என்றாள். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. சென்னைக்காரர்கள் புளுகலாம். இவளுக்குப் புளுகத் தேவையில்லையே.

அடுத்த நாள் காலை காட்டுக்குள் நடை. கிளம்பும்போதே வழிகாட்டி தயங்கித் தயங்கி, "கொஞ்சம் மெதுவாப் பேசணுங்க. மிருகங்க கலைஞ்சிரும்" என்றார். நாங்கள் மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் முந்தின நாள் எங்கள் அறையிலிருந்து வந்த பேச்சைக் கேட்டுச் சென்னை அம்மாள், அங்கே புருசன் பெண்டாட்டி சண்டை, யாராவது போய் விலக்கிவிடுங்கள் என்று சொன்னாராம். நாங்கள் அப்போது பேசியது வாளியில் வெந்நீர் வந்துவிட்டதா என்பதைப் பற்றி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என் மனைவி உதட்டின் மேல் விரலை வைத்து, கையை அசைத்துக் காட்டினாள். சரி, குடோன் பாஷையிலேயே பேசிக்கொள்வோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் கையால்தான் பேசினோம். பைனாகுலர்காரர் கொஞ்ச நேரம் எங்களை உற்றுப் பார்த்துவிட்டு, பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

அந்தக் காட்டை எப்படிச் சொல்வது! மரத்தைப் பிடித்து மரம் ஏறியிருக்கிறது. வெயில் தரைக்கு வருவதற்குள் பச்சையாகிவிடுகிறது. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. ஆனால் அந்த வழிகாட்டி எதையும் பார்க்க விடவில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, ஆள்காட்டி விரலைத் தூக்கி, "கேட்டீங்களா?" என்பார். சென்னைக்காரர் புத்தகத்தைப் புரட்டி ஒரு பெயரைச் சொல்வார். அவர் மனைவி கண்ணை மூடிப் புன்னகைப்பார். என் மனைவி, "ஆமாங்க, அந்தப் பக்கத்துல" என்று தலையாட்டுவாள். எனக்கு மட்டும் ஒன்றும் இல்லை. பந்தியில் எல்லார் இலையிலும் பரிமாறிவிட்டு என் இலையை மட்டும் தாண்டிப் போன மாதிரி இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். வழிகாட்டி எதையாவது காட்டும்போது என் மனைவி மரத்தைப் பார்ப்பதில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை இல்லை, எல்லாத் தடவையும். இந்த வயதில் எனக்குப் பொறாமை வந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. "அந்தாளு மூஞ்சில என்ன ஒட்டியிருக்குது?" என்று கையால் கேட்டேன். "உங்க மூஞ்சியவே பாத்துட்டு இருக்கோணுமாக்கும்" என்று கையாலேயே வெட்டினாள்.

என் காது போய்விட்டது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே என்பீர்கள். அதுதான் இல்லை. அன்று மத்தியானத்துக்கு முன்னால், தலைக்கு மேலே ஏதோ பெரிய ஜமுக்காளத்தை யாரோ உதறுகிற சத்தம். தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்தால், ஆளுயரத்துக்குச் சிறகு விரித்து, மஞ்சள் மூக்கோடு ஒரு பறவை மரத்துக்கு மரம் போகிறது. "இருவாச்சிங்க ஐயா! றெக்கைச் சத்தம் கேட்டுதா?" என்றார் வழிகாட்டி. "கேட்டுதுங்க! நல்லாக் கேட்டுது!" என்று கத்தியே விட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். ஜீப் சத்தம் கேட்கிறது, இடி கேட்கிறது, இருவாச்சி கேட்கிறது. அப்படியென்றால் காதுக்கு ஒன்றுமில்லை. மற்றவர்கள்தான் இல்லாத சத்தத்தை இருக்கிறது என்கிறார்கள். பணக்காரர்கள் இப்படித்தான், ஒருத்தர் ஆகா என்றால் இன்னொருத்தர் ஓகோ என்பார்கள். ஆனால் என் மனைவி எதற்கு ஆகா என்கிறாள்? திரும்பத் திரும்ப அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் நடந்தது என்னை இன்னும் குழப்பிவிட்டது. மூங்கில் புதர் நெருங்கிய ஒரு பாதையில் வழிகாட்டி முன்னால், அவருக்குப் பின் பைனாகுலர்காரர், அப்புறம் அவர் மனைவி, கடைசியில் நாங்கள் இரண்டு பேர். வழிகாட்டி திரும்பாமலே இடக்கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். நானும் என் மனைவியும் அந்த நொடியே நின்றுவிட்டோம். கையைப் பார்த்து நிற்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விசயமா? சென்னைக்காரர் ஏதோ குருவிச் சத்தத்தில் மெய்மறந்து நடந்துகொண்டே இருந்தார். வழிகாட்டி அவரை நெஞ்சில் கை வைத்துத் தடுத்தார். அதற்கப்புறம்தான் புதருக்கு அப்பால் ஒரு யானையின் முதுகு அசைவதைப் பார்த்தோம். வந்த வழியே பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தோம்.

விடுதிக்குத் திரும்பியதும் வழிகாட்டி எல்லோருக்கும் முன்னால் எங்களைக் காட்டி, "இவங்க ரெண்டு பேருக்கும் காட்டுக் காதுங்க. மூங்கில் ஒடிஞ்ச சத்தத்தை என்னைய மாதிரியே புடிச்சிட்டாங்க" என்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். ஆனால் மூங்கில் எங்கே ஒடிந்தது? எப்போது ஒடிந்தது?

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறையில் படுத்திருந்தபோது நேருக்கு நேராகக் கேட்டுவிட்டேன். "ஏம்புள்ள, உனக்கு இந்தச் சத்தமெல்லாம் கேக்குதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லாக் கேக்குதுங்களே. ஏனுங்க, உங்களுக்கு?"

"எனக்கென்ன, கேக்காமயா?" என்றேன்.

காதுக்காரர் இல்லையா, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தபோது பயமாக இருந்தது. தறி இனி ஓடத் தொடங்கினால் நான் எதை வைத்துக் கோளாறு சொல்வேன்? இதுவரை எதை வைத்துச் சொன்னேன்? ஊரில் யாருக்காவது தெரிந்தால் காதுக்காரர் என்ற பேரையே கேலியாகத் திருப்பிவிடுவார்களே. வெகுநேரம் இப்படியே உழன்றுவிட்டு ஒரு சமாதானத்துக்கு வந்தேன். அவளுக்குக் கேட்கிறது. அது போதும். ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடிக் காது போதாதா? வாசலில் யார் வந்தாலும், குக்கர் கத்தினாலும், மகள் கூப்பிட்டாலும் அவள் இருக்கிறாள். அவள் எழுந்து போனால் நானும் பின்னால் போய்க்கொள்வேன். இதை நினைத்ததும் மனசு கொஞ்சம் அடங்கி, தூங்கியும் போனேன்.

நான்காம் நாள் காலை கடைசி நடை. அன்றைக்கு மத்தியானம் கிளம்ப வேண்டும். விடுதிக்குக் கீழே ஓர் ஓடை இருக்கிறது; விடிகிற நேரத்தில் சீகாரப் பூங்குருவி அங்கே வந்து பாடும், அதைக் கேட்காமல் யாரையும் அனுப்பியதில்லை என்றார் வழிகாட்டி. ஒரு மனிதன் ஏதோ யோசனையில் சீட்டியடித்துக்கொண்டு தெருவில் போகிற மாதிரி இருக்குமாம் அந்தப் பாட்டு.

ஓடை நடுவில் ஒரு பாறை. அதன் மேல் கருநீலத்தில் ஒரு குருவி. பைனாகுலர்காரர் பெரிய மனசு பண்ணி என்னிடம் கண்ணாடியைக் கொடுத்தார். "பாருங்க சார், பாடறப்ப தொண்டை அசையறது அழகா இருக்கும்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. மனைவியிடம் கையால் சொன்னேன்: நான் கண்ணாடியில் பார்க்கிறேன், அது பாடும்போதெல்லாம் என் தோளை அமுத்து. குருவியின் வாயசைவும் அவள் காதும் சேர்ந்தால் எனக்கு ஒரு பாட்டு கிடைத்துவிடுமே என்று ஆசை. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு என் தோளில் கையை வைத்தாள்.

கண்ணாடிக்குள் குருவி பெரிதாக வந்தது. நெற்றியில் ஒரு கீற்று நீலம். அது மூக்கைத் திறந்தது, தொண்டை துடித்தது. தோளில் விரல் அமுங்கியது. மூக்கு மூடியது, விரல் விட்டது. மறுபடி திறந்தது, மறுபடி அமுங்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லாமலே ஒரு தாளம் கிடைத்தது. நான்கு நாளில் முதல்முறையாக என் இலையிலும் பரிமாறினார்கள்.

நாலைந்து தரம் இப்படிப் போனது. பிறகு குருவி கழுத்தை நீட்டி நீளமாகத் தொண்டையை அசைத்தது. தோளில் ஒன்றும் இல்லை. நிறுத்திவிட்டு மறுபடி பாடியது. ஒன்றும் இல்லை. எங்கே கவனம் போயிற்று இவளுக்கு என்று எரிச்சலோடு கண்ணாடியை இறக்கித் திரும்பினேன்.

அவள் கவனம் எங்கேயும் போகவில்லை. வழிகாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கீழே குனிந்து, கணுக்காலில் ஏறிய ஓர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய முதுகைப் பார்த்தபடி, பரீட்சையில் பக்கத்துப் பேப்பர் மறைந்துபோன பிள்ளையின் முகத்தோடு அவள் காத்துக்கொண்டிருந்தாள். அட்டையை வீசிவிட்டு அவர் நிமிர்ந்தார். பாட்டுக்கு ஏற்றபடி வழக்கம்போல ஆள்காட்டி விரலை ஆட்டத் தொடங்கினார். உடனே என் தோள் அமுங்கியது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான்கு நாளாக என்னை முட்டாளாக்கினாளே என்ற கோபம். அது நெஞ்சுக்கு வருவதற்குள் வேறொன்றாகிவிட்டது. அவள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கையை என் தோளிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

நான் என் காதைத் தொட்டேன். பிறகு இரண்டு ஆள்காட்டி விரலையும் நுனி சேர்த்து, பிரித்தேன். நூல் அறுந்துபோச்சு.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு மெதுவாகத் தன் காதைத் தொட்டு, அதே மாதிரி விரலைச் சேர்த்து, பிரித்தாள்.

பாறை ஓரமாக உட்கார்ந்தோம். எப்போதிலிருந்து என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். தறிச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்கு எப்போது எது குறைந்தது என்று எப்படித் தெரியும்? குக்கரில் வெயிட் ஆடுவதைப் பார்த்துத்தான் இறக்குகிறாளாம். அடுப்பை விட்டு நகராமல் நிற்கிறாளே, எவ்வளவு பொறுப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான்.

"என்கிட்டச் சொல்றதுக்கென்ன?" என்று வாயசைத்தேன்.

"நீங்கதான் காதுக்காரராச்சுங்களே" என்றாள். "உங்க காதை நம்பித்தானுங்க நான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிக்கவில்லை. இருபத்தைந்து வருசமாக ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அடுத்தவர் காதில் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறோம். சாய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் விழாமல் நின்றிருக்கிறோம். இதைச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம். சென்னை அம்மாள் ஓடி வந்து என்னாச்சு என்று கேட்டார். பாட்டு நொம்ப நல்லா இருந்துதுங்க என்றேன். அவர் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுசி, அவரைப் போய்ப் புளுகுகிறவர் என்று நினைத்தேனே.

பின்னால் கோயம்புத்தூரில் டாக்டர் விளக்கினார். தறிச் சத்தம் முதலில் கீச்சுச் சத்தங்களைத்தான் தின்னுமாம். சில்வண்டு, சீட்டி, குருவி எல்லாம் முதலில் போய்விடும். தடித்த சத்தங்கள் கடைசிவரை நிற்கும். அதனால்தான் போனதே தெரியாது என்றார். அது பிறகு நடந்த கதை.

கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டை நீட்டி அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். பைனாகுலர்காரர் காட்டின் சங்கீதத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். நான், 'சாப்பாடு நன்று. அட்டை உறைக்கு இன்னும் நெருக்கமாக நெய்த துணி போடவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழிகாட்டி ஜீப் வரைக்கும் வந்து, "அடுத்த வாட்டி வாங்க ஐயா, உங்க காதுக்கு இன்னும் நெறையக் காட்டறேன்" என்றார். நான் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக் குலுக்கினேன். வேறென்ன செய்ய?

ஜீப்பிலும் பிறகு பஸ்ஸிலும் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான். மகளுக்குத் தெரியக் கூடாது. பிள்ளைக்கு வேலை இருக்கிறது, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது. அப்பனுக்கும் காது இல்லை, ஆத்தாளுக்கும் காது இல்லை என்று அவள் தலையில் ஏற்றக் கூடாது. கேட்டால் எல்லாம் கேட்டது என்று சொல்ல வேண்டும். என்னென்ன கேட்டது என்று இரண்டு பேரும் கையால் ஒத்திகை பார்த்தோம். சில்வண்டு, காது கிழிகிற மாதிரி. பூங்குருவி, சீட்டியடிக்கிற மாதிரி. முன் சீட்டுக் குழந்தை திரும்பி உட்கார்ந்து எங்களையே வேடிக்கை பார்த்தது.

பல்லடம் பஸ் ஸ்டாண்டில் மகள் ஸ்கூட்டியோடு காத்திருந்தாள். இறங்கியதும் எதிரில் வந்து நின்று என் கையைத் தொட்டாள்.

"காடு எப்படீங்கப்பா இருந்துச்சு? சத்தமெல்லாம் கேட்டுச்சுங்களா?"

"ஓ, அதையேன் கேக்கற கண்ணு! சில்வண்டு காது கிழிஞ்சு போற மாதிரி!" என்றேன்.

"அந்தப் பூங்குருவி இருக்குதே, ஆரோ சீட்டியடிச்சுட்டுத் தெருவுல போற மாதிரியே!" என்றாள் அவள் அம்மா.

மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, எங்கள் பையை வண்டியில் மாட்டினாள். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள் போலிருக்கிறது. தலை அசைந்தது. பக்கத்தில் ஈரோடு பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. நான் மனைவியைப் பார்த்தேன்: என்ன சொன்னாள்? அவள் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கும் தெரியவில்லை.

பதில் வராததால் மகள் திரும்பிப் பார்த்தாள். பிறகு வண்டியை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு எங்கள் முன்னால் வந்தாள். அவள் ஒரு நாளும் தறி ஓட்டியவள் இல்லை. அவளைக் குடோனுக்குள்ளேயே விடாமல் படிக்க வைத்தோம். ஆனாலும் டி.வி.க்கு முன்னால் வந்து நின்றுதான் பேசுவாள், கையைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவாள், சின்னப் பிள்ளையிலிருந்து அப்படித்தான். அந்தச் சிவப்பு பல்பு ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கூப்பனை உண்மையிலேயே கம்பெனி கொடுத்ததா, இவளே ஏற்பாடு செய்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எத்தனை வருசமாகத் தெரியும் என்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

முகத்தில் கோபமோ சலிப்போ இல்லாமல், உதட்டை நன்றாகத் திறந்து, இரண்டாம் தடவை சொன்னாள்.

"காப்பி குடிச்சுட்டு ஊட்டுக்குப் போலாங்களான்னு கேட்டேனுங்கப்பா."